மார்த்தாண்டத்து ஐ.நா. சார்

2003 மார்ச் 22. பெயர்ப் பலகை, தகரம், இரண்டு வண்ணம்: ரூ. 1,850.
2003 மே 10. முதல் வட்டமேசைக் கூட்டம். தேநீர், உளுந்த வடை: ரூ. 96.
2007 டிசம்பர் 3. டில்லிக் கருத்தரங்கு, ரயில், போக வர: ரூ. 1,312.
2014 செப்டம்பர் 20. தொலைக்காட்சி விவாதம், திருநெல்வேலிக்கு வாடகைக் கார்: ரூ. 3,400.
2019 ஜனவரி 19. பலகையை உயர்த்திக் கட்டியது, ஆள் கூலி உட்பட: ரூ. 6,200.
2025 ஜூன் 14. வட்டமேசைக் கூட்டம், தேநீர், உளுந்த வடை: ரூ. 2,214.

வாசகரே, இது ஏதோ பெட்டிக்கடையின் வரவு செலவு அல்ல. ஒரு மனித இனத்தின் வளர்ச்சிப் படிகள் முழுவதும் இந்த ஆறு வரிகளுக்குள் அடங்கிவிட்டன. அந்த இனத்துக்கு வெளியுறவுக் கொள்கை வல்லுநர் என்று பெயர். தேநீர்க் கடை பெஞ்சிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் உட்கார்ந்து வல்லரசுகளை மிரட்டும் சில்லறை வகை எல்லா ஊரிலும் கிடைக்கும், அதை விட்டுவிடுங்கள். இங்கே பார்க்கப் போவது, சொந்தமாக ஓர் ஆய்வு மையம் தொடங்கி, கடிதத்தாள் அச்சிட்டு, வட்ட முத்திரை செய்து, தாமே தலைவராக அமர்ந்து, உலகம் எப்போது தம்மிடம் ஆலோசனை கேட்க வரும் என்று மாடிப்படியைப் பார்த்தபடி காத்திருக்கும் உயர்வகை.

எப்படி அடையாளம் காண்பது? எளிது. மற்றவர்கள் நாடுகளைப் பற்றிப் பேசுவார்கள். இவர் நாடுகளுக்காகப் பேசுவார். 'ஈரானுக்கு இப்போது மனசு சரியில்லை' என்பார், அடுத்த வீட்டு மச்சினனைச் சொல்வதுபோல. 'ரஷ்யா அப்படி நினைக்காது' என்பார், நேற்று மாலை ரஷ்யாவோடு சேர்ந்து சாயா குடித்துவிட்டு வந்தவர்போல. 'நாம்' என்று தொடங்குவார்; அந்த 'நாம்' இந்திய அரசா, ஆய்வு மையமா, அவரும் அவர் மனைவியுமா என்பது வாக்கியம் முடிந்த பிறகும் விளங்காது. கடவுச்சீட்டு வைத்திருப்பார், பத்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் புதுப்பிப்பார், அதில் ஒரு நாட்டின் முத்திரையும் விழுந்திருக்காது. வெளிநாட்டை நேரில் பார்த்துவிட்டால் நடுநிலை கெட்டுவிடும் அல்லவா?

இந்த இனம் தலைநகரங்களில் மட்டுமே வாழும் என்று நினைத்திருந்தால், மார்த்தாண்டத்துக்கு வாருங்கள்.

பேராசிரியர் ஞானையன் கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். ஈராக்கில் குண்டு விழத் தொடங்கிய அதே வாரத்தில், நெடுஞ்சாலைச் சந்திப்பில் ஒரு பேக்கரியின் மாடியை வாடகைக்குப் பிடித்து, 'தென்முனை வெளியுறவு ஆய்வு மையம்' என்று பலகை மாட்டினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துப் படித்தார்கள். சிலர் மாடியேறி வந்து, பாஸ்போர்ட் கைக்கு வர எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். அவர் கோபப்படவில்லை. மேற்காசிய அரசியலில் கடவுச்சீட்டின் இடம் என்ன என்பதை அரை மணி நேரம் விளக்கினார். அதன் பிறகு யாரும் படியேறவில்லை. ஊரார் மட்டும் அவருக்கு 'ஐ.நா. சார்' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பதவியாக ஏற்றுக்கொண்டார்.

பதினைந்து ஆண்டு கழித்துச் சந்திப்பின் மேல் மேம்பாலம் வந்தது. பலகை பாலத்துக்கு அடியில் போய், தூணின் நிழலில் மறைந்தது. வேறொருவராக இருந்தால் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டிருப்பார். ஞானையன் உயர்த்திக் கட்டினார். அன்று முதல் மையத்தின் பெயரைப் பாலத்தின் மேல் விரைந்து போகும் வண்டிகளில் இருப்பவர்கள் மட்டுமே படிக்க முடியும். பாலத்தின் மேலோ வண்டியை நிறுத்தக் கூடாது. ஆய்வு மையத்துக்கும் பொதுமக்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி சரியாக இதுதான் என்று அவருக்கு அதிலும் ஒரு திருப்தி.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வட்டமேசைக் கூட்டம். முதல் சனிக்கிழமை தேவாலயத்தில் சபைக் கமிட்டி கூடும் என்பதால் உலகம் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேசை நீள்சதுரம், கொள்கைதான் வட்டம். தொடக்கத்தில் பதினொரு பேர் வந்தார்கள். பிறகு சர்க்கரை நோய், பேரப்பிள்ளைகள், தொலைக்காட்சித் தொடர், மரணம் ஆகிய காரணங்களால் உறுப்பினர் எண்ணிக்கை குறைந்து, கடைசியில் ஒருவர் மிஞ்சினார். மணவாளக்குறிச்சி தாதுமணல் ஆலையில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற தாணு. நாஞ்சில் நாட்டு வயற்காட்டு ஊர்க்காரர். வடைக்காக வருகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லும் நேர்மையாளர். மையத்தின் செயலரும் பொருளாளரும் பார்வையாளரும் அவரே.

கூட்டத்தில் வரைபடம் கிடையாது. மேசையே வரைபடம்.

"தாணு, அந்த கிளாஸைத் தொடாதேயும். அது ஓமான் வளைகுடா."

"ஆறிப்போவும் வே. குடிச்சுட்டு அதே எடத்துல வச்சிருதேன்."

"குடித்தால் நீரிணையின் ஆழம் குறையும்."

"அப்பம் ஈரானத் தின்னலாமா?" என்று தாணு வடையைக் காட்டிக் கேட்பார்.

"பேச்சுவார்த்தை முடியட்டும்."

பேச்சுவார்த்தை முடிவதற்குள் ஈரானில் ஒரு பக்கம் காணாமல் போயிருக்கும். அதன் பிறகு மாதாந்தர அறிக்கை. அதன் அடியில் நகல் பட்டியல்: ஐ.நா. பொதுச் செயலாளர், பிரதமர் அலுவலகம், மாவட்ட ஆட்சியர், ஊர் நூலகம். ஊர் நூலகத்திலிருந்து மட்டும் ஒருமுறை பதில் வந்தது, கடன் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லி.

டில்லிக்கு ஒருமுறை போய் வந்தார். இரண்டு நாள் கருத்தரங்கில் கடைசி அமர்வின் கடைசியில், 'கேள்விகள் உண்டா?' என்று மேடையிலிருந்து கேட்டபோது எழுந்து நின்றார். அதே நொடியில் உணவு தயார் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. கழுத்தில் மாட்டித் தந்த அடையாள அட்டையைக் கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டார். தொலைக்காட்சி விவாதம் இன்னும் சிறப்பு. திரையில் நான்கு சதுரங்களில் நான்கு பேர். இவருடைய முறை வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்து, "ஒருபுறம்" என்று தொடங்கி, முதல் புறத்தை அழகாக விரித்து முடித்தார். விளம்பர இடைவேளை வந்தது. திரும்பி வந்தபோது தலைப்பு வெங்காய விலைக்கு மாறியிருந்தது. மறுபுறம் என்னவென்று தமிழ்நாட்டுக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மறுபுறத்தில்தான் இந்த இனத்தின் உயிர் இருக்கிறது, கவனியுங்கள். போர் மூளும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை, அதே வேளையில் அமைதி திரும்பாது என்று உறுதியாகக் கூறிவிடவும் முடியாது, எனவே நிலைமையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இதுதான் சூத்திரம். போர் மூண்டால், 'அன்றைக்கே சொன்னேனே.' மூளாவிட்டால், 'அன்றைக்கே சொன்னேனே.' வானிலைக்காரருக்குத் தவறும், சோதிடருக்குத் தவறும், மருத்துவருக்கும் சில வேளை தவறும். ஞானையனுக்கு இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கணிப்புகூடத் தவறியதில்லை. வேறு எந்தத் தொழிலில் இது நடக்கும்?

வீட்டில் அவர் நம்மைப்போல ஊர்ப்பேச்சுதான் பேசுவார். ஆனால் ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடம் வந்தால் போதும், நாக்கு சட்டென்று அச்சுத் தமிழுக்குத் தாவிவிடும். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அவர் மனைவிக்கு இது பழகிப்போன விஷயம்.

"மீன்காரி நிக்கா. சாளையா, நெத்திலியா?"

"இரண்டு வாய்ப்புகளையும் திறந்தே வைத்திருப்போம்."

"நான் சட்டியத் தொறந்து வைக்கேன்" என்று டீச்சரம்மா தமக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்வார். சாப்பிடும்போது, நெத்திலி வரும் என்று தாம் எதிர்பார்த்ததாக ஞானையன் சொல்வார்.

இப்படியே போயிருந்தால் ஒரு குறையும் இல்லை. வாழ்க்கை முழுவதும் பிழையின்றி வாழ்ந்து, நல்ல அடக்க ஆராதனையோடு முடிந்திருப்பார். ஆனால் 2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, மேற்காசியாவில் மறுபடி குண்டு விழுந்தது. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை.

குமரி மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்களுக்கு மேற்காசியா வெளிநாடே அல்ல. அங்கே மகன் இருக்கிறான், மருமகன் இருக்கிறான், பாதி கட்டிய வீட்டின் மீதிப் பாதி இருக்கிறது. தொலைக்காட்சியில் அம்புக்குறிகள் சிவப்பாகப் பாய்கின்றன. பெட்டியைக் கட்டலாமா, அவிழ்க்கலாமா என்று எந்த அம்பும் சொல்லவில்லை. யாரோ ஒருவருக்கு அந்தப் பலகை நினைவு வந்தது. அவர் இன்னொருவருக்குச் சொன்னார். மாலை நான்கு மணிக்குப் பேக்கரிக்கும் மாடிக்கும் நடுவே படி தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன.

ஞானையன் அதைப் பார்த்தார். உள்ளே போய், சுவரிலிருந்த டில்லி அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"சாறே, எனக்க பயல இஞ்ச வரச் சொல்லட்டா?"

"மருமவனுக்கு லீவு முடிஞ்சாச்சு. செவ்வாய்க்கிழம பிளைட்டு. போவச் சொல்லட்டா?"

"வெல ஏறுமா சாறே? சோத்துக்கு அரி வாங்கிப் போடட்டா?"

இருபத்திரண்டு வருடம் காத்திருந்த குரல் எழுந்தது. "ஒருபுறம், பதற்றம் அதிகரித்திருப்பதை மறுப்பதற்கில்லை. மறுபுறம், பேச்சுவார்த்தைக்கான கதவுகள் முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. பயணம் மேற்கொள்வோர் நிலைமையைக் கூர்ந்து கவனித்து, தத்தம் சூழலுக்கு ஏற்ப முடிவெடுப்பதே விவேகம்." இந்த முறை விளம்பர இடைவேளை குறுக்கிடவில்லை. கைதட்டினார்கள்.

கூட்டம் கீழே இறங்கியது.

"கேட்டியா, கதவு அடைபடல்லண்ணு சாறு பறஞ்சாரு. அப்பம் போலாம்."

"பதற்றம் கூடியாச்சுண்ணு பறஞ்சது உனக்க காதுல விழல்லியா? போவாண்டாம்ணுதான் அர்த்தம்."

இருவருக்கும் தெளிவு கிடைத்தது. இருவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். படியில் ஒருத்தி மட்டும் நின்றாள்.

நேசபாய். முந்திரி ஆலையில் தோல் உரித்து ஒரே மகளை நர்ஸாக்கியவள். ஞானையன் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருப்பவள், அதே சபை. தினமும் ஆலைக்குப் போகும் பஸ் பாலத்தின் மேலே ஏறும்போது அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பவள். உலகத்தைக் கவனித்துக்கொள்ள நம் ஊரிலும் ஓர் ஆள் இருக்கிறார் என்று மனதார நம்பியவள் இந்த மாவட்டத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அவள் மகள் ரெஜிலாவுக்கு வளைகுடாவில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. 27ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து விமானம். மாதம் முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்கு.

"சாறே, எல்லாரும் வெவரம் தெரிஞ்சு போறாவ. எனக்குத்தான் மனசிலாவல்ல. எனக்க மவ ஏறணுமா, ஏறாண்டாமா?"

"நேசபாய், இதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது."

"கஷ்டமாட்டே பறயுங்க சாறே. நான் கேட்டுக்கிடுதேன்."

ஞானையன் தாணுவைப் பார்த்தார். தாணு வடையைப் பார்த்தார்.

"விரிவான ஆய்வு தேவைப்படுகிறது."

"எப்பம் முடியும்?"

"கூடிய விரைவில்."

அடுத்த வார ஞாயிறு, 22ஆம் தேதி. எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது ஏதேனும் நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார்கள். போதகர் அதைக் காரணத்தோடு சபை நடுவே வாசிப்பார். பரீட்சை, பிரசவம், பசு கன்று ஈன்றது, எல்லாம் அதில் வரும். அன்று போதகர் தலை நிமிராமல் வாசித்தார்: "பேராசிரியர் ஞானையன் அவர்களுடைய ஆலோசனையின்படி பயணத்தை நிறுத்தி, மகன் ஜெபிஷ் ஆபத்துக்கு விலகிக் காக்கப்பட்டதற்காக." சபை, ஆமென் என்றது. போதகர் அடுத்த தாளை எடுத்தார். "பேராசிரியர் ஞானையன் அவர்களுடைய ஆலோசனையின்படி தைரியமாய்ப் பயணம் புறப்பட்டு, மகன் ஜினோ பத்திரமாய்ப் போய் வேலையில் சேர்ந்ததற்காக." இந்த ஆமென் சற்றுத் தாமதமாக வந்தது.

ஆண்கள் பக்கத்தில் மூன்றாம் பெஞ்சிலிருந்த ஞானையனுக்கு முதலில் பெருமைதான் வந்தது. ஒரே வாக்கியத்துக்கு ஒரே ஆராதனையில் எதிரெதிரான இரண்டு வெற்றி. டில்லியில் எவருக்கு வாய்த்திருக்கிறது? பிறகு பெண்கள் பக்கம் பார்த்தார். நேசபாய் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் செருப்பு மாட்டும் இடத்தில் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே வாயால ரெண்டு பயலுவளுக்கு ரெண்டு வழியா சாறே?"

"அது அவரவர் சூழலைப் பொறுத்து..."

"எனக்க மவளுக்க சூழல் என்னண்ணு எழுதித் தாங்க. முத்திர வச்சுத் தாங்க. அதுவர அவளுக்க பாஸ்போர்ட்டு எனக்கக் கையில இருக்கும்."

எழுதினார். ஞாயிறு பகல் முழுவதும், திங்கள் முழுவதும். பதினொரு பக்கம். சாதகமான நிலை, நடுத்தர நிலை, பாதகமான நிலை என மூன்று நிலைகள். திங்கள் இரவு வளைகுடா நாடுகள் சில வானத்தைச் சில மணி நேரம் மூடிவிட்டன என்று செய்தி வந்தது. செவ்வாய் காலை போர்நிறுத்தம் என்று செய்தி வந்தது. ஞானையன் நான்காவது நிலை ஒன்றைச் சேர்த்தார்.

தாணு அதைக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது ரெஜிலா படியேறி வந்தாள். மருத்துவமனையில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். பதினொரு பக்கத்தையும் நின்றபடி புரட்டினாள்.

"இத அம்மை வாசிக்க மாட்டா சார். ஒரு வரி போரும்."

"ரெஜிலா, இதன் சாரம் என்னவென்றால்..."

"நான் போறதுன்னு முடிவு பண்ணியாச்சு. எனக்கக் கூடப் படிச்ச நாலு பேரு அங்கதான் வேல செய்யியாளுவ. நேத்து அவ்வளவு நடந்தப்பவும் டூட்டியிலதான் இருந்தாளுவ. இண்ணு காலம்பற கூப்பிட்டுப் பேசிட்டேன். ரெண்டு வருஷமா பரீட்ச எழுதி எழுதிக் கிடச்ச எடம் சார் இது. அம்மை பாஸ்போர்ட்ட எடுத்து அரிப் பானைக்குள்ள போட்டுட்டா. நான் கேட்டாத் தரல்ல, போதகர் கேட்டாரு, தரல்ல. ஐ.நா. சாறு எழுதித் தந்தாத்தான் எடுப்பேங்கா."

"அதாவது நீ கேட்பது ஆலோசனை அல்ல."

"இல்ல சார். கையெழுத்து."

பேக்கரியில் ரொட்டி வேகும் மணம் மேலே வந்தது. ஞானையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "ஏதேனும் நேர்ந்துவிட்டால்?"

"நேர்ந்தா எனக்குத்தான சார்."

"ஒனக்கு நேர்ந்தா ஒங்கம்மை என்னத்தான் பிள்ள கேப்பா."

நாக்கு தானாக ஊர்ப்பேச்சுக்கு இறங்கிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. தாணு கவனித்தார், ஊசியைக் கீழே வைத்தார். இந்த இருபத்திரண்டு வருடத்தில் அமெரிக்கா வந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று படியேறிக் கேட்டதில்லை. ரஷ்யா கேட்டதில்லை. நேசபாய் நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். சாகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் எதிர்ப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரப் போகிறாள். நல்லபடியாக முடிந்தால் தேவனுக்கு ஸ்தோத்திரம், முடியாவிட்டால் ஞானையன்.

"எழுதும் வே" என்றார் தாணு.

கடிதத்தாளை எடுத்தார். 'தற்போதைய சூழலில் ரெஜிலா பயணம் மேற்கொள்ளலாம், ஆயினும்...'

"ஆயினும் வேண்டாம் சார்" என்றாள் ரெஜிலா, எட்டிப் பார்த்தபடி.

அடுத்த தாள். 'ரெஜிலா பயணம் மேற்கொள்ளலாம். இதனால் ஏற்படும் எதற்கும் மையம் பொறுப்பாகாது.'

"பொறுப்பாகாத ஆளுக்க எழுத்த நம்பி அவ பானையத் தொறப்பாளாக்கும்?" என்றார் தாணு. "அதையும் வெட்டும்."

மூன்றாம் தாளில் முதல் வரி சரியாக வந்தது. கை பழக்கத்தில் அடியில் 'நகல்: ஐ.நா. பொதுச் செயலாளர்' என்று எழுதிவிட்டது.

ரெஜிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவருக்கு எதுக்கு சார்? அவரா வந்து அரிப் பானையத் தொறக்கப் போறாரு?"

நான்காம் தாள்: 'அன்புள்ள நேசபாய்க்கு, ரெஜிலா போகட்டும். ஞானையன்.' வட்ட முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தினார். மை காய்ந்திருந்தது. தாணு தேநீரில் விரலைத் தொட்டு இரண்டு சொட்டு விட்டார். முத்திரை வெளிறிப்போய் விழுந்தாலும் வட்டமாக விழுந்தது.

உடனே மாலை வாங்க ஓடிவிடாதீர்கள். அதன் பிறகு ஞானையன் பட்ட பாட்டையும் கேளுங்கள். செவ்வாய் முதல் சனி வரை அவர் செய்தி பார்க்கவில்லை. தொலைக்காட்சியை மூடி, அதன் மேல் டீச்சரம்மாவின் பூவேலைத் துணி ஒன்றைப் போட்டுவிட்டார். வாசலில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் நிமிர்ந்தார், போனால் உட்கார்ந்தார். மீன்காரி வந்து சாளையா நெத்திலியா என்று கேட்டபோது, "எதாவது குடு பிள்ள" என்றார். டீச்சரம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் நேசபாய் வாசலுக்கு வந்தாள். ஞானையன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எறங்கிட்டா சாறே. வேலையில கையெழுத்துப் போட்டாச்சாம். போட்டோ அனுப்பியிருக்கா."

"எறங்கிட்டாளா?"

"எறங்கிட்டா. ஆனா நான் ராத்திரி முழுக்க இருந்து போட்ட மீன் அச்சாறு ரெண்டு குப்பி. கைப்பையில வச்சு விட்டேன். ஏர்ப்போர்ட்டுல எடுத்துக் குப்பையில போட்டுட்டானுவளாம்." ஊறுகாய்க்காக அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அச்சாறு கைப்பையில வைக்கக் கூடாதுண்ணு நீங்க ஒரு வரி எழுதியிருக்கலாமே சாறே?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஞானையனிடம் ஒருவர் வந்து கணக்குக் கேட்டுவிட்டார். அவர் சிரிக்கத் தொடங்கினார்; நேசபாய் கோபத்தோடு பார்க்கப் பார்க்க அதிகமாகச் சிரித்தார்; டீச்சரம்மா தண்ணீர் கொண்டு வர வேண்டியதாயிற்று.

ஜூலை மாத வட்டமேசைக் கூட்டத்துக்கு வழக்கம்போல இருவர். எங்கோ ஓர் உச்சி மாநாடு நடந்திருந்தது. ஞானையன் 'ஒருபுறம்' என்று எழுதினார். பேனா நின்றது. இதைப் படித்துவிட்டு எந்த வீட்டில் எந்தப் பானை திறக்கும் என்று யோசித்தார். ஒன்றும் திறக்காது.

"என்ன வே, மறுபுறம் வரல்லியா?" என்றார் தாணு.

"வரல்ல ஓய்."

"அப்பம் ஈரானத் தின்னலாமா?"

"தின்னும்."

ஆகஸ்டில் பேக்கரிக்காரர் காலியான அந்த மாடி அறையில் ரொட்டித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். ஞானையன் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாணுவோடு சாயா குடிக்கிறார். யாராவது வந்து, ரப்பர் விலை ஏறுமா சாறே என்று கேட்டால், "தெரியல்ல மக்கா" என்கிறார். வல்லுநர் ஒருவரின் வீழ்ச்சி இதைவிட முழுமையாக இருக்க முடியாது.

ஆகவே, வாசகரே, ஒரு தலைவர் பதவி காலியாக இருக்கிறது. இதுவரை சிரித்துக்கொண்டே வந்தீர்கள். இப்போது கொஞ்சம் நேராக உட்காருங்கள். போன மாதம் உங்கள் தங்கை மகன், இந்த வேலையை விடட்டுமா மாமா என்று கேட்டான். "எல்லாத்தையும் யோசிச்சுச் செய்" என்றீர்கள். உங்கள் மகள், இவனைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "உன் இஷ்டம், ஆனா பாத்துக்க" என்றீர்கள். நன்றாக அமைந்தால் நீங்கள் சொன்னபடி நடந்தது. அமையாவிட்டால் நீங்கள்தான் அன்றைக்கே எச்சரித்தீர்களே. உங்கள் வீட்டிலும் மையத்துக்கு ஒரு கிளை நடக்கிறது. பலகைதான் இன்னும் மாட்டவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்களா? ஒரு தாளை எடுங்கள். உங்களிடம் கேட்டுக் காத்திருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு வரி எழுதி, அடியில் உங்கள் பெயரைப் போட்டு, நீங்களே நடந்து போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஞானையன் சட்டையைக்கூட மாற்றாமல் வெயிலில் நடந்துதான் போனார். தென்முனை வெளியுறவு ஆய்வு மையத்தின் கடைசிக் கடிதம் நேசபாய் கைக்கு வந்து சேர்ந்த நாள்: 2025 ஜூன் 24, செவ்வாய்க்கிழமை.